‘எனக்கு வய்யா’ என்பவளை நடக்க வைப்பது எப்படி

"தினமும் அரை மணி நேரம் நடக்க வையுங்க" என்று டாக்டர் சொல்லி முடிக்க ஐந்து வினாடி ஆகியிருக்காது. மறதிநோய் வந்த என் வீட்டுக்காரியைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவரவே எனக்கு எட்டு மாதம் ஆனது. ஒரே மூச்சில் அரை மணி நேரம் இன்னும் வந்தபாடில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கன்னியாகுமரி ஜில்லாவில் கருங்கலுக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவில் எங்கள் ஊர். அவளுக்கு 69 வயது. அண்டி ஆபீஸில் முப்பது வருஷம் கொட்டை தல்லியவள், அதாவது உடைத்தவள். முந்திரி ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், மற்ற ஜில்லாக்காரர்கள் கவர்மெண்ட் ஆபீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். மார்த்தாண்டம் - நாகர்கோவில் ரூட்டிலேயே பாதி ஆயுள் போயிற்று. மூன்று வருஷத்துக்கு முன்பு அவளுக்கு அல்சைமர் என்கிற மறதிநோய் என்றார்கள். ஓர்மை என்றால் ஞாபகம், ஊரில் "ஓர்மை போச்சு" என்றால் எல்லாருக்கும் புரியும்.

காலை ஆறு மணிக்குப் போய் நிற்பேன். "வா, நடந்துட்டு வருவோம்." "எனக்கு வய்யா. நீங்க போயிட்டு வாங்க." அவ்வளவுதான். வய்யா என்றால் எங்கள் பக்கம் முடியவில்லை என்று அர்த்தம். சோம்பல் என்று நினைத்தேன். ஒருநாள் பொறுமை கெட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். பத்தடி வந்தவள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்னை எங்க கொண்டு விடப் போறீங்க?" என்று கேட்டாள். எதிர் வீட்டில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு அவளைத் தூக்கி நிறுத்தி வீட்டுக்குக் கூட்டி வர எனக்கு இருபது நிமிஷம் ஆனது.

பஸ் நகரவில்லை என்றால் டிக்கெட் எடுத்தவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. இறங்கி, எது இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் புத்தி எனக்கு அப்புறம்தான் வந்தது.

முதலில், எதற்காக

நடந்தால் ஓர்மை திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மறதிநோய் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கடுமையான பயிற்சியே கொடுத்துப் பார்த்து, 2018ல் இங்கிலாந்தில் முடிவை வெளியிட்டார்கள். உடம்பில் தெம்பு கூடியது, மறதி முற்றுகிற வேகம் குறையவில்லை. ஆனால் பின்லாந்தில் 2013ல் வந்த இன்னொரு முடிவு எனக்கு உரைத்தது. கணவனோ மனைவியோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 210 அல்சைமர்காரர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம், வாரம் இரண்டு நாள் பயிற்சி. பயிற்சி செய்தவர்கள் கீழே விழுவது குறைந்தது. அதிலும் வீட்டிலேயே செய்தவர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் திறனை மற்றவர்களைவிட மெதுவாகத்தான் இழந்தார்கள். பிசியோதெரபி படிக்கிற பேத்தி போனில் வாசித்துச் சொன்னது இது.

அதனால் என் கணக்கு சின்னது. அவள் தானாக நாற்காலியிலிருந்து எழும்ப வேண்டும், தானாகக் கக்கூஸ் போய் வர வேண்டும். ராத்திரி கொஞ்சம் உறங்க வேண்டும். இது போதும் என்று வைத்துக்கொண்டால் பாதி சண்டை ஓய்ந்துவிடும்.

உடம்பில் எது இடிக்கிறது

வலிக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாமல் போய்விடும். கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்பார்கள். எனவே வாயைக் கேட்காமல் முகத்தைப் பாருங்கள். படி இறங்கும்போது நெற்றி சுருங்குகிறதா, உட்கார்ந்தபின் ஏதாவது ஒரு இடத்தைத் தேய்க்கிறார்களா, ஒரு காலை மட்டும் பையத் தூக்கி வைக்கிறார்களா.

தரையில் சம்மணம் போட்டு முப்பது வருஷம் கொட்டை தல்லியவளுக்கு முட்டுவலி இருப்பது அதிசயம் இல்லை. எனவே வலி எல்லாம் முட்டு என்றே இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் நகம் வெட்ட உட்கார்ந்தாள். வலது கால் பெருவிரல் நகம் ஓரத்தில் வளைந்து சதைக்குள் இறங்கி, சுற்றிலும் சிவந்து, லேசாகச் சீழ் வைத்திருந்தது. செருப்பு மாட்டும்போதெல்லாம் "வய்யா" என்றது இதற்காகத்தான். ஆஸ்பத்திரியில் சரிசெய்து, பத்து நாளில் செருப்பை மாட்டவிட்டாள். அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது மாதம் இரண்டு தடவை பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, விரலிடுக்கு வரை பார்க்கிறோம். சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம் பாருங்கள்.

கண்ணில் புரை இருக்கிறதா, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உட்கார்ந்த நிலையில் ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் எழும்பும்போது தலை கிறங்கும். தலை கிறங்குகிற ஆள் எப்படி நடப்பார்? உறக்க மாத்திரையும் சத்தம் போடாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையும் காலை இழுத்துப் பிடிக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொல்லி மாற்றிக் கேளுங்கள்.

நேற்றுவரை நடந்தவர் இன்றைக்குத் திடீரென்று மாட்டேன் என்றால் அதை மறதிநோயின் கணக்கில் எழுதாதீர்கள். ஒன்றிரண்டு நாளில் வருகிற மாற்றத்துக்கு மூத்திரத்தில் கிருமி, மலச்சிக்கல், யாரும் பார்க்காமல் விழுந்த விழுகை என்று வேறு காரணம் இருக்கும். அன்றைக்கு நடை வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று, சொல்லக் கூச்சப்படுகிற சங்கதி. வழியில் மூத்திரம் முட்டிவிடுமோ என்கிற பயம். கிளம்புமுன் கக்கூஸுக்குக் கூட்டிப் போய்விடுங்கள். எங்கள் வழியில் யார் வீட்டில் நின்று கேட்கலாம் என்று நான் முன்கூட்டியே இரண்டு வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

தரையில் ஒரு குழி

முன்வாசலில் கறுப்புக் கால்மிதி ஒன்று கிடந்தது. அதன் முன்னால் வந்ததும் நிற்பாள். நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்குவாள், வைக்க மாட்டாள், திரும்ப எடுத்துக்கொள்வாள். "சும்மா மிதிச்சுட்டு வா" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். பேரன் ஒன்பதாம் கிளாஸ் படிக்கிறான். அவன்தான், "தாத்தா, ஆச்சிக்கு அது குழி மாதிரி தெரியுது போல" என்று சொல்லி மிதியைச் சுருட்டி எடுத்தான். அவள் கடந்து போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண் நன்றாக இருந்தாலும், கண் பார்த்ததை மூளை வேறொன்றாக வாசிக்கும். பளபளக்கும் டைல்ஸில் வெயில் பட்டால் தண்ணீர். ரோட்டில் தென்னை ஓலையின் நிழல் வரிவரியாக விழுந்தால் ஒவ்வொரு வரியும் ஒரு படி. நிழலைத் தாண்டக் காலைத் தூக்கி அவள் தடுமாறியதை நான் பார்த்திருக்கிறேன். சமமான தரையில் நிறம் மாறக்கூடாது, படி இருக்கும் இடத்தில் நிறம் மாறியே ஆக வேண்டும். இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் போதும். வராந்தாப் படியின் விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு இழுத்தேன். அதற்கு ஆன செலவு ஒரு சின்ன டப்பாவும் பழைய பிரஷும்.

நைட்டியை மூன்று அங்குலம் ஏற்றித் தைக்கச் சொல்லுங்கள். ஹவாய் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, குதிகாலில் வார் உள்ளதை வாங்குங்கள்.

கேட்கும் விதம்

"நடக்கப் போவோமா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலுக்கு நாமே கதவைத் திறந்து வைக்கிறோம். "உடற்பயிற்சி" என்று சொன்னால் இன்னும் மோசம். "சோலி இல்லாதவங்க நடப்பாங்க" என்று ஒருநாள் சொன்னாள். சரிதானே. வாழ்நாள் முழுக்க வேலைக்கும் தண்ணிக்கும் சந்தைக்கும் நடந்தவளிடம் போய் சும்மா நட என்றால் என்ன அர்த்தம்?

இந்த நோயில் ஒரு காரியத்தைத் தொடங்குகிற திறனும் அடிபடும். செல்ஃப் எடுக்காத வண்டி மாதிரி. எஞ்சின் கெட்டுப்போகவில்லை, தள்ளிவிட்டால் ஓடும். நான் தள்ளிவிடுகிற விதம் இது: எதிரில் வந்து, அவள் கண்ணில் படுகிற மாதிரி நிற்பேன். பின்னாலிருந்து கூப்பிட மாட்டேன். "எழும்பு" என்று ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். ஏழில் எட்டில்தான் அந்தச் சொல் அவளுக்குள் போய்ச் சேர்கிறது. நடுவில் திரும்பச் சொன்னால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். எழும்பியதும் உள்ளங்கையை நீட்டுவேன். பிறகு, "ரைட்."

இந்த "ரைட்" ஒரு வேடிக்கை. வீட்டிலும் வாய்தவறி "ரைட், போலாம்" என்று சொல்லி அந்தக் காலத்தில் அவளிடம் நிறையக் கிண்டல் வாங்கியிருக்கிறேன். என் பேரை மறந்துவிட்ட நாளிலும் "ரைட்" சொன்னால் கால் நகர்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சொல் இருக்கும், தேடிப் பாருங்கள்.

நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். கேள்வி கேட்டால் பதிலுக்காக நின்றுவிடுவாள், நிற்காவிட்டால் தள்ளாடுவாள். நடையும் பேச்சும் ஒரே நேரத்தில் ஓட மூளையில் இடம் இல்லை. ஜெபமாலை சொல்லலாம், ஏனென்றால் அதை யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை, வாய் அதுபாட்டுக்குப் போகும்.

போய்ச்சேர ஓர் இடமும் வேண்டும். எங்களுக்கு அது முக்கிலுள்ள குருசடி, சிலுவை வைத்த சின்னக் கோயில். வீட்டிலிருந்து இருநூறு அடி இருக்கும். ஒரு மெழுகுதிரியைக் கையில் கொடுத்தால், அதைக் கொளுத்தாமல் திரும்ப மாட்டாள்.

கையிலிருந்து போன வாரியல்

இந்த விஷயத்தில் குற்றம் எங்கள் மேல்தான். நோய் என்று தெரிந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து அவளை உட்கார வைத்தோம். "மாமி, நீங்க இருங்க, நான் செய்யுதேன்" என்று மருமகள் வாரியலை, அதாவது விளக்குமாற்றை, வாங்கிக்கொண்டாள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் முற்றம் பெருக்கவும், துணி காயப்போடவும், கோழிக்குத் தீனி போடவும் ஒரு நாளில் அவள் நடந்த நடையெல்லாம் அதோடு நின்றது. அப்புறம் "நடக்க மாட்டேங்கிறா" என்று டாக்டரிடம் புகார்.

வாரியலைத் திரும்பக் கொடுத்தோம். ஒன்றும் சொல்லவில்லை, அவள் கண்ணில் படும்படி பலா மரத்தடியில் சாய்த்து வைத்தோம். தானே எடுத்தாள். குனிந்து, இடது கையை முதுகில் கட்டிக்கொண்டு, அரைவட்டம் அரைவட்டமாக வீசி இருபது நிமிஷம் பெருக்கினாள். பழகிய வேலை கையிலும் தோளிலும் தங்கியிருக்கிறது, ஓர்மை போனாலும் அது சீக்கிரம் போவதில்லை. பாதி முற்றத்தில் சருகு அப்படியே கிடந்தது. கிடக்கட்டும். அவள் பார்க்கும்போது மறுபடி பெருக்கிவிடாதீர்கள்.

தோள் உயரத்தில் ஒரு கொடி கட்டி ஈரத்துணி கொடுங்கள், கை நீளும். வாளி வேண்டாம், ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்து வாழைக்கு ஊற்றச் சொல்லுங்கள், பத்து தடவை போய்வருவார்கள். முருங்கைக்கீரை உருவுவது, ஓலையிலிருந்து ஈர்க்கில் கிழிப்பது எல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலை, மழைநாளுக்கு ஆகும். கத்தி, வெட்டுக்கத்தி, அடுப்பு மூன்றையும் எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். கிணற்றுக்கு மூடி போடுங்கள்.

உங்கள் வீட்டு ஆள் ரப்பர் வெட்டினவராக இருக்கலாம், வள்ளத்தில் போனவராக இருக்கலாம், பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடித்தவராக இருக்கலாம். ரப்பர் வெட்டினவரைக் காலையில் தோட்டத்துக்குள் கூட்டிப் போங்கள். மரத்துக்கு மரம் அவர் போவார்.

ஆபீஸ் வண்டி

சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. "ஆபீஸ் வண்டி வந்துட்டா?" என்று கேட்பாள். முதலில் உண்மையைச் சொன்னேன். "நீ ஆபீஸ் போறத நிறுத்திப் பத்து வருஷம் ஆச்சு." அன்றைக்குத்தான் வேலையிலிருந்து நிறுத்தின மாதிரி அழுதாள். விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள், அப்போதெல்லாம் சாம்பல் தேய்த்துத்தான் வேலைக்கு உட்காருவார்கள். கறுப்பு எப்போதோ போய்விட்டது. இல்லாத கறுப்பைத் தேடினாள்.

இப்போது நான் மறுப்பதில்லை, ஆமாம் என்றும் சொல்வதில்லை. "போய்ப் பார்ப்போம்" என்கிறேன். நாலு மணிக்கே, அந்தத் தவிப்பு ஏறுமுன்னே கிளம்பிவிடுவோம். வண்டி வந்து நின்ற முக்கு வரை நடப்போம். சாயாக்கடை பெஞ்சில் உட்காருவோம். கட்டன் சாயா வரும்போது ஆபீஸ் மறந்திருக்கும். பைய வீட்டுக்கு வருவோம். ஒரு நாளின் நல்ல நடை இதுதான், காலையில் கெஞ்சி நடத்துவதைவிட நீளம்.

மகளுக்கு இது பிடிக்கவில்லை. "அம்மையை ஏமாத்துதீங்க" என்கிறாள். எனக்கும் உறுத்தல் இல்லாமல் இல்லை. ஆனால் அழவைத்த உண்மையை நான் ஒருதடவை பார்த்துவிட்டேன்.

நாற்காலி

நடை மட்டும் போதாது, தொடையில் பலம் வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு பயிற்சி அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள், எல்லாம் இங்கிலீஷ். பீரோவில் இருக்கிறது. நாங்கள் செய்வது இரண்டே இரண்டு.

ஒன்று, உட்கார்ந்து எழும்புவது. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும், கவிழும். கை வைத்த கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்தால் உடம்பு தானாக மேலே வரும். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முதலில் எழும்புவேன், அவள் என்னைப் பார்த்து எழும்புவாள். ஐந்து தடவை. சாப்பாட்டுக்கு முன்னால் என்று வைத்தால் நாளுக்கு மூன்று வேளை. ஆபத்து எழும்புவதில் இல்லை, உட்காருவதில். நாற்காலி எட்டுமுன்னே உட்காரப் போய்விடுவார்கள். காலின் பின்பக்கம் நாற்காலியில் தட்டிய பிறகே உட்கார விடுங்கள்.

இரண்டு, அடுக்களைத் திட்டை இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை உயர்த்தி இறக்குவது. பத்து தடவை. பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

எந்தப் பயிற்சியிலும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், தோள் விலகிவிடும். பலம் குறைந்த பக்கத்தில் அரை அடி பின்னால் நின்று, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்துப் பிடியுங்கள். இந்தப் பிடியை எனக்குக் காட்டித்தந்தவர் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசுத் திட்டம் அது. படுத்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து நான் ரொம்ப நாள் கேட்கவே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிஷம், அதோடு தள்ளாட்டத்துக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே நிறுவனம், முடிந்த அளவு செய்தாலும் ஒன்றும் செய்யாததைவிட மேல் என்றும் சொல்கிறது. நாங்கள் இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டோம்.

நெஞ்சுவலி, பேச முடியாத மூச்சிரைப்பு, முகம் வெளிறி வேர்ப்பது, ஒரு கால் இழுப்பது, வாய் குழறுவது இதில் எது வந்தாலும் உடனே நிறுத்தி 108ஐக் கூப்பிடுங்கள்.

மழை, நாய், ஊர்வாய்

நம் ஜில்லாவுக்கு இரண்டு மழை. ஆனியிலும் பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும். பாசி பிடித்த ஊடுவழியில் கூட்டிப் போகவே கூடாது. எங்கள் வராந்தா பதினான்கு காலடி நீளம். மழைநாளில் போக ஐந்து, வர ஐந்து.

நாய்க்கு ஒரு குடையைக் கையில் வைத்திருக்கிறேன், வெயிலுக்கும் ஆகும்.

ஊர்வாய்க்குத்தான் மருந்து தேட நாளானது. "என்ன, பைத்தியமா?" என்று ஒருவர் கேட்டபிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கூட்டிப் போனேன். ஒளித்துக் கூட்டிப் போவதே ஒரு தடை என்று பிறகுதான் பட்டது. ஒருநாள் சாயாக்கடைக்காரரிடம் உள்ளதைச் சொன்னேன்: இது ஓர்மை போகிற நோய், தனியாகக் கண்டால் பிடித்து உட்கார வையும், ஒரு சாயா கொடும், எனக்குப் போன் போடும். ஒரு தடவை அப்படியே நடந்தது. அவள் நைட்டிப் பையின் உள்பக்கம் என் போன் நம்பர் எழுதிய துணித்துண்டைத் தைத்தும் வைத்திருக்கிறோம்.

கடைசித் தடை நான்தான். எனக்கும் 71. முட்டு எனக்கும் வலிக்கிறது. கோபம் வருகிற நாளில் நடத்துவதில்லை, என் கையில் அந்தக் கோபம் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை மருமகள் முறை. மனசு நொந்தால் பேசுவதற்கு 14567 என்று முதியோருக்கான அரசு உதவி எண் இருக்கிறது. பராமரிக்கிற முதியவனும் முதியவன்தான், கூப்பிடலாம்.

பஸ்ஸில் வேபில், அதாவது டிக்கெட் கணக்குத் தாள், எழுதிய கை சும்மா இருக்காது. ஒரு பழைய நோட்டில் தினமும் நேரம், எதுவரை, எங்கே நின்றாள், ஏன் என்று நாலு வரி எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் கேட்கும்போது "பரவாயில்ல சார்" என்று சொல்வதற்குப் பதில் நோட்டைக் காட்டிவிடலாம். இது நேற்றையது:

காலை 7.10. குருசடி. திரி கொளுத்தினாள். வருகையில் கல் தட்டியது, விழவில்லை. 11 நிமிஷம்.
மாலை 4.05. முக்கு வரை. சாயா. "உங்க டூட்டி முடிஞ்சுதா?" என்று கேட்டாள். முடிஞ்சுது என்றேன். 19 நிமிஷம்.